கிரவுன் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பின் அச்சுக்கு வந்துவிடும். "கிரவுன் பினியனை மாத்துங்க, மைலேஜ் அள்ளும்" என்பார் ஒருவர். என்ஜினிலிருந்து வரும் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி அது. கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்தப் பேச்சு சாகாமல் சுற்றுகிறது.

போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8, விகிதம் 4.88. போர் முடிந்ததும் விவசாயிகளை நம்பி வந்த சிஜே-2ஏ ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.38. வயலில் இழுக்க அது சரி, நெடுஞ்சாலையில் என்ஜின் கத்தும். அதைக் கழற்றி 47-க்கு 11 பல் (4.27) போட்டால் அதே வேகத்தில் என்ஜின் சுற்று சுமார் 20 சதவீதம் குறையும்.

பெட்ரோலும் 20 சதவீதம் மிச்சமாகுமா? ஆகாது. காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் வேண்டிய சக்தி அப்படியே இருக்கிறது. மிச்சமாவது என்ஜினின் உள் உராய்வும், பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை உறிஞ்சும் பாடும்தான். டீசலில் இந்த இரண்டாவது ஏறக்குறைய இல்லை. லாபம் இன்னும் சுருங்கும்.

விகித எண் குறையக் குறைய நல்லது என்பதும் தப்பு. மேட்டில் டாப் கியர் இழுக்காமல் கீழே இறக்கினால் போன சுற்றெல்லாம் திரும்பி வந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி டாப் கியரையே அபூர்வமாகத்தான் பார்க்கும்.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். நண்பர் ஒருவர் மலைத் தோட்ட வேலைக்காக 4.27-ஐக் கழற்றி 5.38 போட்டார். லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி பன்னிரண்டு கொடுக்கிறது என்று ஒரே சந்தோஷம். அந்த ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அது எண்ணுவது புரொப்பல்லர் ஷாஃப்டின் சுற்றை, சக்கரத்தை அல்ல. கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஓட்டிப் பார்த்தோம். பத்து கிலோமீட்டர் கடந்ததும் மீட்டர் 12.6 காட்டியது. பன்னிரண்டை 1.26-ஆல் வகுத்தால் ஒன்பதரை. கேபிள் முனையின் சின்னப் பல்சக்கரத்தை மாற்றச் சொன்னேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றார்.