ஒரு நாள் பூச்சியும் ஏரி மீனும்

மீன் பிடித்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவன வலை, கட்டுமரம், பின்பு இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல் களைத்துப்போன புனித இராயப்பர். குளத்தங்கரையில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடும் சிறுவரையும் பார்த்திருக்கிறோம். ஆனால் வலையும் புழுவும் இன்றி, பூச்சியைக் காட்டி மீனைப் பிடிக்கும் கலை ஒன்று உண்டு என்பதை எங்கள் வகுப்பில் பலர் அறியோம். உயிரியல் பாடத்தில் பூச்சிகளின் வாழ்க்கைச் சுற்றைப் படித்தபோதுதான் அதைப் பற்றித் தேடிப் படிக்கும் ஆவல் எழுந்தது.

அயர்லாந்தின் மேற்கே காரிப் என்னும் ஏரி இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 176 சதுர கிலோமீட்டர். அத்தீவில் இதைவிடப் பெரிய ஏரி ஒன்றே ஒன்றுதான். இதனுள் இருக்கும் சிறு தீவுகளுள் ஒன்றில் புனித பத்திரிசியார் பெயரால் ஒரு பழைய ஆலயம் இடிந்த நிலையில் நிற்கிறது. ஏரியின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மேல் அமைந்திருப்பதால் நத்தைகளும் சிறு பூச்சிகளும் அங்கே ஏராளம். அவற்றைத் தின்று கொழுப்பதே பழுப்பு ட்ரௌட் மீன். உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள்! நம் நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரௌட் இதற்கு உறவு. காரிப் ஏரியின் பழுப்பு ட்ரௌட்டோ அங்கேயே பிறந்து வளரும் காட்டு மீன். குளிர்காலம் நெருங்கும்போது ஏரியை விட்டுச் சிற்றோடைகளில் ஏறி, கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடுகிறது.

மே மாதம் வந்தால் இம்மீனுக்கு விருந்துதான். 'மே ஈ' என்ற பூச்சி அப்போது நீரிலிருந்து வெளிப்படுகிறது. இதன் இளம் உயிரி ஏரியின் அடிச்சேற்றில் வளை தோண்டி ஏறத்தாழ 2 ஆண்டுகள் வாழ்கிறது. பிறகு மேலே நீந்தி வந்து, தோலைக் கழற்றிச் சிறகு விரிக்கிறது. சிறகு முளைத்த பின்னும் மறுபடி ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளுள் இவ்வினம் மட்டுமே. வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாய் கிடையாது. இருக்கும் வாய் பயனற்றது. இணை சேர்ந்து, நீரில் முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிகிறது. மழை விட்டதும் நம் ஊரில் ஈசல் கிளம்புமே, அதுபோலத்தான்.

இக்காலத்தில் ஏரிக்கரைச் சிறுவர் சிறுமியர் புதர்களில் ஒட்டியிருக்கும் மே ஈக்களைப் பெட்டிகளில் பிடித்து மீன் பிடிப்போருக்கு விற்பது வழக்கம். (நம் தோழியருள் யார் இவ்வேலைக்குச் சம்மதிப்பார்கள் என்பது சந்தேகமே!) படகைக் காற்றின் போக்கில் மிதக்க விட்டு, 4 அல்லது 5 மீட்டர் நீளமுள்ள கோலை உயர்த்திப் பிடிப்பார்கள். நூல் மிக இலேசானது. காற்றே அதை முன்னால் ஏந்திச் செல்லும். முள்ளில் கோத்த ஈ நீரைத் தொட்டும் தொடாமலும் நடனமாட வேண்டும். மீன் கவ்வியவுடன் இழுத்தால் காரியம் கெட்டது. சிறிது பொறுத்தே கோலைத் தூக்க வேண்டும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று விவாதித்து, நிதானமாகச் சிலுவை அடையாளம் போடும் நேரம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம்.

உயிருள்ள ஈக்குப் பதிலாக சேவல் இறகு, முயல் ரோமம், பட்டு நூல் இவற்றால் செய்த ஈயையும் பயன்படுத்துவார்கள். அதற்கு எடையே இல்லையாதலால், கனமான நூலைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசியே அதைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும். இவ்வித ஈக்கள் பன்னிரண்டை விவரிக்கும் ஓர் ஆங்கில நூல் 1496இல் அச்சாயிற்று. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத்துத் தலைவி என்பது மரபு. வரலாற்றாசிரியர் சிலர் இதை ஐயுறுகின்றனர். எங்களுக்கோ நம்பவே விருப்பம்.

2005இல் இந்த ஏரிக்கு ஓர் ஆபத்து தெரியவந்தது. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு நீர்ச்செடி, கண்ணாடித் தொட்டிகளிலும் தோட்டக் குளங்களிலும் அழகுக்கு வளர்க்கப்படுவது, ஏரியின் ஒரு விரிகுடாவில் அடர்ந்து கிடந்தது. நம் குளங்களை ஆகாயத்தாமரை மூடுவதுபோல, இது அடியிலிருந்து நீர்மட்டம் வரை நிறைந்துவிடும். நாட்டுச் செடிகளுக்கு ஒளி கிடைக்காது. ட்ரௌட் இரை தேடும் ஆழமற்ற இடங்கள் அடைபட்டுப்போகும். அயர்லாந்தில் இச்செடி விதையால் பரவுவதில்லை. ஒடிந்த துண்டு ஒன்று போதும், எங்கேனும் வேரூன்றிவிடும். ஆகவே வெட்டினாலும் துண்டுகள் சிதறாமல் வெட்ட வேண்டும். ஒரு படகின் அடியிலோ வலையிலோ ஒட்டிய துண்டு அடுத்த ஏரியையும் கெடுக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது. அரிசி மூட்டைக்கு நாம் பயன்படுத்தும் சணல் துணியே அது! நீர் மூழ்குவோர் அதை ஏரியின் அடியில் பாய்போல விரித்தனர். ஒளியின்றி அந்நியச் செடி சில மாதங்களில் மடிந்தது. ஆனால் அந்த ஏரிக்கே உரிய சிறு செடிகள் சணலின் இழைகளுக்கு இடையே முளைத்து மேலே வந்தன. சணலும் நாளடைவில் மட்கிப்போகிறது. அந்நியச் செடி இன்னும் அடியோடு ஒழியவில்லை. துணி விரித்த இடங்களில் மட்டும் பழைய செடிகள் திரும்பி வந்திருக்கின்றன.