‘ஸ்பிரிங்’: ஒரு சொல்லின் பாய்ச்சல்

ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பல பொருள்களுள் முதலில் நிற்பதையே எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. ‘ஸ்பிரிங் டைடு’ என்பது ‘வசந்தகால ஓதம்’ ஆவது இவ்வாறே. அவ்வோதத்திற்கும் வசந்தத்திற்கும் தொடர்பே இல்லை. முழுமதி, மறைமதி நாள்களை ஒட்டி ஞாயிறும் திங்களும் ஒரே நேர்கோட்டில் நின்று ஈர்க்க, ஆண்டு முழுவதும் எழுவது அது. அவ்விரு நாள்களையும் பழந்தமிழ் ‘உவா’ என்னும் ஒரே சொல்லால் குறித்தது. ‘உவா ஓதம்’ என்றால் பொருள் பிழையாது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங்கன்’ என்னும் வினை, துள்ளுதலையும் பீறிட்டு எழுதலையும் உணர்த்தியது. அதன் உறவுச்சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் ‘குதித்தல்’ என்றே வழங்குகின்றது. சதுரங்கக் குதிரைக்கு அங்கே ‘ஷ்பிரிங்கர்’, அஃதாவது ‘குதிப்பது’ என்று பெயர்! நிலத்தைப் பிளந்து நீர் எழும் ஊற்றுக்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லே பெயராயிற்று. நம் ‘பாய்தல்’ இதற்கு அண்மையில் நிற்பது. புலியும் பாயும், புனலும் பாயும்.

பருவப் பெயரின் வரலாறே சுவை மிக்கது. தொடக்கத்தில் ஆங்கிலேயர் அப்பருவத்தை ‘லெங்க்டன்’ என்றனர். பகற்பொழுது நீளுதலைக் குறித்து எழுந்த பெயர் அஃது என்பர். கிறித்தவர் நோன்பு நாள்களைக் குறிக்கும் ‘லெந்து’ அதன் எச்சமே. பனியில் இலையுதிர்த்து நின்ற மரங்கள் மார்ச்சுத் திங்களில் திடீரெனத் தளிர்ப்பதைக் கண்ட மக்கள் ‘இலை துள்ளியெழும் காலம்’ என்ற கருத்தில் பேசலாயினர். 16ஆம் நூற்றாண்டில் ‘ஸ்பிரிங்’ என்னும் தனிச்சொல்லே பருவப் பெயராய் நிலைத்தது. இதற்கு இணையாக ‘இலை விழும் காலம்’ என்பதும் சுருங்கி, ‘ஃபால்’ என அமெரிக்காவில் வாழ்கின்றது. நம் இளவேனிலோ சித்திரை, வைகாசி வெயிற்காலம். பெயரை மாற்றலாம், தட்பவெப்பத்தை எவ்வாறு மாற்றுவது?

அழுத்திவிட்டால் துள்ளி மீளும் சுருள்வில்லுக்கு இப்பெயர் வந்தது இயல்பே. ஆயின் 1660இல் ராபர்ட் பாயில் தம் நூலில் ‘காற்றின் ஸ்பிரிங்’ எனக் குறிப்பிட்டார். ஊற்றும் பொருந்தாது, வசந்தமும் பொருந்தாது. அழுத்தப்பட்ட காற்று மீண்டு விரியும் ஆற்றலே அங்குப் பொருள்.

1968இல் செக்கோஸ்லோவாகியாவில் தோன்றிய சீர்திருத்தக் காலத்தைப் ‘பிராகு வசந்தம்’ என்றனர். 2010 டிசம்பரில் துனிசியாவில் தொடங்கிப் பரவிய கிளர்ச்சிகள் ‘அரபு வசந்தம்’ எனத் தமிழிலும் எழுதப்பெற்றன. ஆங்கிலச் செவிக்கு அப்பெயரில் உறைபனி விலகலும் உயிர் பீறிட்டெழுதலும் ஒருங்கே ஒலிக்கும். நமக்கு ‘வசந்தம்’ என்றதும் தென்றலும் மலருமே நினைவில் எழுகின்றன. தெருவில் திரண்ட மக்கள் தோன்றுவதில்லை. ‘அரபு எழுச்சி’ என எழுதுவதே மூலத்திற்கு நெருங்கியது என்பது நம் கருத்து.