புனைபெயரும் வலைப்பூவும்

கொல்கத்தாவின் வடபகுதியில் உள்ள ஜோராசாங்கோவில் வாழ்ந்த இளைஞர் ஒருவர், 1877ஆம் ஆண்டில், தம் 16ஆம் அகவையில், பழைய வைணவக் கவிஞர்களின் நடையில் பாடல்கள் இயற்றினார். அவற்றுக்குத் தம் பெயரை இடாமல் 'பானுசிங்கர்' என்னும் பெயரை இட்டார். நண்பர் ஒருவரிடம், பிரம்ம சமாஜ நூலகத்தில் சிதைந்த சுவடி ஒன்று கிடைத்ததாகக் கூறிப் பாடல்களைக் காட்டினார். வித்யாபதியாலும் இவ்வாறு பாட இயலாது என்று நண்பர் வியந்தார். இளைஞர் தம் கையேட்டைக் காட்டி உண்மையைச் சொன்னதும் அவருடைய முகம் வாடியது. பாடல்கள் பரவாயில்லை என்று மட்டும் சொன்னாராம்!

அவ்விளைஞரே இரவீந்திரநாத் தாகூர். 'பானு', 'ரவி' ஆகிய இரு சொற்களுக்கும் ஞாயிறு என்பதே பொருள். முகத்தை மறைக்க அணிந்த திரையிலேயே அவர் தம் பெயரை எழுதி வைத்திருந்தார்.

அதே நகரின் தென்பகுதியில், லேக் மார்க்கெட் அருகே வாழும் தமிழ் மாணவி ஒருத்தி இன்று முதன்முதலாக வலைப்பூ தொடங்குவதாகக் கொள்ளலாம். அவளுக்கு எழுதப் பொருள் நிரம்ப உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். ஆயினும், முன்பின் அறியாதவர்கள் தன்னை அறிந்துகொள்வார்களோ என்னும் அச்சமும் உண்டு. ஆகவே அவள் ஒரு புனைபெயரைத் தேர்ந்தெடுக்கிறாள். அது போதுமா?

முதற்பதிவில் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தைக் குறிப்பிடுகிறாள். அடுத்ததில் பிறந்த நாள் விழா. மூன்றாவதில், தந்தையார் மதுரையிலிருந்து பணி மாற்றலாகி வந்த செய்தி. தனித்தனியே பார்த்தால் இவற்றுள் மறைக்கத்தக்கது எதுவுமில்லை. ஆனால் மூன்றும் ஒன்றுசேரும்போது புனைபெயர் பயனற்றுப் போகிறது.

இதனை லதான்யா ஸ்வீனி என்னும் அமெரிக்க அறிஞர் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களுள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்பது அவருடைய கணிப்பு. பெயரே தேவைப்படவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. சென்னையில் 'தமிழ் பேசும் மாணவி' என்றால் அது எவரையும் சுட்டாது. கொல்கத்தாவின் ஒரு தெருவிலோ அச்சொற்களே ஏறத்தாழ முகவரி ஆகிவிடும்.

கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள், எடுத்த நேரமும், சில வேளைகளில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளும் பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிடலாம். பதிவை நீக்குவதும் முழுத் தீர்வன்று. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்து வருகிறது.

சட்டம் காக்காதா? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. எனினும், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த விவரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. இதை விளக்க அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு, வலைப்பதிவு எழுதும் ஒருவரைப் பற்றியதுதான்!

மாணவி தன் வரியை மீண்டும் படிக்கிறாள்: "நாளை மாலை 5 மணிக்கு, எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சந்தில் உள்ள பாட்டு வகுப்புக்குத் தனியே செல்வேன், வழியெல்லாம் கடுகெண்ணெயில் மீன் பொரியும் மணம்." நாளையும் மணியும் சந்தும் தனிமையும் நீங்குகின்றன. மீன் மணம் இருக்கிறது.

சொற்பொருள்
அகவை – வயது
சுவடி – பழைய கையெழுத்து நூல்
விழுக்காடு – சதவீதம்
இசைவு – சம்மதம்

வினாக்கள்
1. தாகூரின் புனைபெயர் அவரை எவ்வாறு காட்டிக்கொடுக்கக்கூடியது?
2. மாணவியின் மூன்று பதிவுகளிலிருந்து ஓர் அயலார் எவற்றை அறிய முடியும்?
3. நும் தெருவைப் பற்றி, அது எத்தெரு என்று புலப்படாதவாறு ஐந்து வரிகள் எழுதுக.