‘முடிவிலி’ என்று நிறுத்திவிடாதீர்கள்

அனலாக் வேலைக்கான நேர்காணலில் ஹௌலண்ட் கரண்ட் பம்ப்பை வரைந்து, “வெளியீட்டு மின்தடை எவ்வளவு?” என்று கேட்டால் பலர் பட்டென்று “முடிவிலி” என்பார்கள். புத்தகத்துக்கு அது சரி. கேட்பவர் அதற்கு அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்.

சூத்திரத்தைத் தேட வேண்டாம். உள்ளீட்டை கிரவுண்டில் போடுங்கள், லோடைக் கழற்றி அந்த இடத்தில் 1 வோல்ட் கொடுங்கள். நான்கு ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம் என்றால், உள்ளீட்டுப் பக்க ரெசிஸ்டர் வழியாக 0.1 மில்லி ஆம்பியர் கிரவுண்டுக்கு இறங்கும். ஆப்-ஆம்ப்பின் கெயின் 2. அதன் வெளியீடு 2 வோல்ட்டில் நிற்கும். பாசிட்டிவ் ஃபீட்பேக் ரெசிஸ்டர் அதே 0.1 மில்லி ஆம்பியரைத் திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் வைத்த 1 வோல்ட் எதையும் தர வேண்டியதில்லை. முடிவிலி வருவது இப்படித்தான்.

இப்போது 1 சதவீத ரெசிஸ்டர்களைப் போடுங்கள். நான்கும் பாதகமான திசையில் விலகினால் இறங்குவது 0.101, திரும்புவது 0.097. குறைகிற 4 மைக்ரோ ஆம்பியரை உங்கள் 1 வோல்ட்தான் தர வேண்டும். ஆக, வெளியீட்டு மின்தடை வெறும் 250 கிலோ ஓம்! 0.1 சதவீத ரெசிஸ்டர் என்றால் 2.5 மெகா ஓம். விலகல் எதிர்த்திசையில் இருந்தால் மின்தடை நெகட்டிவ் ஆகும். லோடின் மின்தடை அந்த அளவைத் தாண்டினால் சுற்று ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். இதைக் கேட்காமலே சொல்பவரை எந்த மேனேஜரும் கவனிப்பார்.

அடுத்து அதிர்வெண். கெயின்-பேண்ட்விட்த் 1 மெகா ஹெர்ட்ஸ் உள்ள ஆப்-ஆம்ப்புக்கு 10 கிலோ ஹெர்ட்ஸில் மிஞ்சும் கெயின் 100தான். ரெசிஸ்டர்கள் அச்சுப் பிசகாமல் பொருந்தினாலும் அங்கே இம்பிடன்ஸ் சுமார் 250 கிலோ ஓம்தான். விலை கூடிய ரெசிஸ்டர் இதற்கு உதவாது. டிசைன் ரிவ்யூவில் அதிகம் நழுவுவது இந்த இடம்.

வேலையில் சேர்ந்தபின் பெஞ்சிலும் காட்டச் சொல்வார்கள். 1 மில்லி ஆம்பியரில் லோடை 1 கிலோ ஓமிலிருந்து 2 கிலோ ஓமுக்கு மாற்றி, வோல்டேஜ் மாற்றத்தை கரண்ட் மாற்றத்தால் வகுங்கள். மூன்றரை இலக்க மல்டிமீட்டர் 2 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் 1 மைக்ரோ ஆம்பியர் வரைதான் காட்டும். 4 மைக்ரோ தெரியும், 0.1 சதவீத ரெசிஸ்டர் தரும் 0.4 மைக்ரோ தெரியாது. அப்போது ரிப்போர்ட்டில் “மாற்றமில்லை” என்று எழுதாதீர்கள். “1 மெகா ஓமுக்கு மேல், மீட்டரின் எல்லை இவ்வளவு” என்று எழுதுங்கள்.