கை மாறிய ஆட்டம்

கேள்வி: சென்னையில் உருவான ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’பைச் செல்போனில் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். இத்தகைய சிறு ஸ்தாபனங்களைப் பெரிய கம்பெனிகள் வாங்கினால் விளையாட்டு கெட்டுவிடாதா?
— ஒரு வாசகர், தளவானூர்

பதில்: தங்கள் பயம் ஆதாரமற்றதன்று. அந்த ஆட்டத்தைச் சிருஷ்டித்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் பெரும்பான்மைப் பங்குகளை மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் 2017-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி வாங்கிற்று. ஆயினும் அதனால் மட்டை முறிந்துவிடவில்லை என்பதற்கு, 2020-இல் மூன்றாம் பாகம் வெளிவந்ததே சாட்சி. வாங்குகிறவர் பணம் கொடுப்பது பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் பழக்கத்துக்கே ஆதலால், அதை உடனே கலைக்கும் அசட்டுத்தனத்தை எந்த வியாபாரியும் சுலபத்தில் செய்யமாட்டான்.

ஆனால் ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ் என்னும் ஆட்டக்கூடம், மைக்ரோசாஃப்டின் உடைமையான பின்னர் 2023-இல் வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ ஆட்டம் ரசிகர்களின் ஏகோபித்த பாராட்டைப் பெற்றிருந்தும், மறு ஆண்டு மே மாதத்திலேயே அந்தக் கூடத்தை மூடப்போவதாக எஜமானர்கள் அறிவித்தார்கள் என்றால், நல்ல படைப்பு ஒன்றே ஸ்தாபனத்துக்குக் கவசமாகிவிடாது என்பது விளங்கும். (நம் பிள்ளைகளைப் பிடித்தாட்டும் பப்ஜியின் சொந்தக்காரரான கொரியாவின் கிராஃப்டன், பின்னர் அந்தக் கூடத்தை வாங்கி உயிர்ப்பித்தது வேறு கதை.)

பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் பாறையில் குடைந்த சத்ருமல்லேசுவரம் என்னும் கோயில் தங்கள் ஊரில் இன்றும் நிற்கிறது. சர்வரை நம்பி வாழும் ஆட்டத்துக்கு அவ்வளவு ஆயுள் ஏது? விற்பனைச் செய்தியைக் கண்டு கலங்குவதைவிட, ஸ்தாபகர்கள் விலகுகிறார்களா, ஆட்டத்தின் நடுவே விளம்பரங்கள் பெருகுகின்றனவா என்று ஓராண்டு கவனியுங்கள். பெருகினால், பழைய பாகம் இயங்கும் வரை அதையே ஆடிக்கொண்டிருக்க யார் தடுப்பார்?