மூன்றையும் படித்த மாணவர்

கோலார் தங்கவயல். பொழுது விடியவில்லை. மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலால்தான்.

ஒரு தாய் கேட்கிறார்:

"என் மகள் அரசியல் படிக்கணும் என்கிறாள். வக்கீல் ஆகணும் என்கிறாள். சொந்தத் தொழிலும் செய்வாளாம். ஏதாவது ஒன்றை உருப்படியாகப் படிக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரு மாணவரின் கதை பதில் சொல்லும். அவர் பெயர் தங்கவயல் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

கடல் கடந்த படிப்பு

அம்பேத்கர் 1891-ல் பிறந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடவில்லை. ஆனாலும் படித்தார். 1912-ல் பம்பாயில் பி.ஏ. தேறினார். பொருளாதாரமும் அரசியலும் அவர் எடுத்த பாடங்கள்.

பரோடா மகாராஜா உதவிப் பணம் கொடுத்தார். 1913-ல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916-ல் லண்டன் போனார். அங்கே பொருளாதாரமும் சட்டமும் சேர்த்துப் படித்தார். ஆனால் உதவிப் பணத்தின் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு 1917-ல் திரும்பினார்.

தொழில் நின்றது

பரோடாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. ஆனால் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. ஒரு விடுதியில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள்.

பம்பாய் வந்தார். சொந்தத் தொழில் தொடங்கினார். கையில் உள்ள பணத்தை எந்தக் கம்பெனியில் போடலாம் என்று ஆலோசனை சொல்லும் தொழில். முதலில் ஆட்கள் வந்தார்கள். சாதி தெரிந்தது. வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் நின்றது.

யோசித்துப் பாருங்கள். அவரிடம் படிப்பு இருந்தது. திறமையும் இருந்தது. எது தடுத்தது?

மீண்டும் படிப்பு

அவர் சோர்ந்துவிடவில்லை. கல்லூரியில் ஆசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பரிடம் கடன் வாங்கினார். 1920-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு மறுபடியும் லண்டன் போனார். பாதியில் விட்ட படிப்பை முடித்தார். வக்கீலும் ஆனார்.

1923-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ரூபாயைப் பற்றிய புத்தகம். ரூபாயின் மதிப்பு குறைந்தால் விலைவாசி ஏறும். கூலி அந்த அளவு ஏறாது. நஷ்டம் கூலிக்காரருக்குத்தான். இதை அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் நம் ஊர்த் தங்கம் கப்பல் ஏறி இங்கிலாந்து போய்க்கொண்டிருந்தது. அதை வெட்டியவர்கள் லயன் வீடுகளில் இருந்தார்கள்.

மூன்றும் சேர்ந்தது

பம்பாயில் வக்கீல் தொழில் செய்தார். 1936-ல் ஒரு தொழிலாளர் கட்சி தொடங்கினார். 1942 முதல் 1946 வரை, வைசிராயின் சபையில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1946-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 மணியாகக் குறைந்தது.

1947-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். 1950-ல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அது சொல்கிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது. விரும்பிய தொழிலைச் செய்ய எல்லாருக்கும் உரிமை உண்டு. அன்று அவர் தொழிலைச் சாதி நிறுத்தியது. பின்னால் அவர் தலைமையில் எழுதிய சட்டம் எல்லாருக்கும் தொழில் உரிமை தந்தது.

நமக்கு என்ன?

கூலி எவ்வளவு, லாபம் யாருக்கு? இது வணிகம். எத்தனை மணி நேரம் வேலை? இது சட்டம். அந்தச் சட்டத்தைச் செய்வது யார்? இது அரசியல். மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

நம் பெரியவர்களுக்கும் இது தெரியும். 1930-ல் தங்கவயல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிய நிர்வாகம் முயன்றது. அவர்கள் மறுத்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். பிற்காலத்தில் அம்பேத்கர் வழி வந்த குடியரசுக் கட்சிக்காரரை இந்த ஊர் சட்டசபைக்கு அனுப்பியது.

அந்தத் தாய்க்கு இப்போது என்ன சொல்லலாம்? "அம்மா, மூன்றையும் படிக்கட்டும். ஆனால் எடுத்ததைப் பாதியில் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள். பணம் இல்லாமல் நின்றால், உதவிப் பணத்துக்கு மனு எழுதுங்கள். கைநாட்டு வேண்டாம். நீங்களே கையெழுத்துப் போடுங்கள்."

சொல் அறிவோம்

வரைவு – முதலில் எழுதிப் பார்ப்பது
உதவிப் பணம் – படிப்புக்குக் கொடுக்கும் பணம்
புரி – கயிற்றின் ஓர் இழை

பேசுவோம், எழுதுவோம்

1. அம்பேத்கரின் தொழில் ஏன் நின்றது?
2. பாதியில் விட்ட படிப்பை அவர் எப்படி முடித்தார்?
3. உங்கள் பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது? ஏன்? கேட்டு, மூன்று வரி எழுதுங்கள்.