சைகஸ் செடிக்குச் சில குறிப்புகள்

நர்சரியில் சைகஸ், சேகோ பாம் என்று எந்தப் பெயர் சொல்லிக் கொடுத்தாலும், இது பனை வகை அல்ல. பூக்காமல் கூம்பு விடுகிற, மிகப் பழமையான தாவர இனம். தெற்கு ஜப்பானிலிருந்து வந்தது. நம் ஊர் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது.

1. செம்மண், பருமணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நடுங்கள். கிழங்கு போன்ற அடித்தண்டில் பாதியாவது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மேல்மண்ணில் பவளக்கொத்து போல வேர்கள் எட்டிப் பார்த்தால் நோயென்று வெட்டிவிடாதீர்கள். அவற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது.

2. மண்ணில் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். நடுக்குருத்தில் ஊற்றவே கூடாது. அடித்தண்டை அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். கொழகொழத்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

3. தினமும் 4 மணி நேரமாவது வெயில் படட்டும்.

4. இதன் புது இலைகள் ஒன்றொன்றாக வராது. நுனி சுருண்ட குருத்துகள் வட்டமாக, மொத்தமாகக் கிளம்பும். அவை விரிந்து கெட்டிப்படும்வரை தொட்டியை நகர்த்தாதீர்கள்; இலை கோணலாகிவிடும். சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடத் தேடி வருவதும் இந்தத் தளிரைத்தான். அதன் புழுக்கள் ஒரு வட்டத்தையே அரித்துவிடும். குருத்தில் எறும்புகள் ஏறி இறங்கினால் புழு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். கையால் பொறுக்கிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

5. இலையின் அடிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவது செதில் பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அதிகம் தாக்கிய இலைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றச் செடிகளின் பக்கத்தில் போடாதீர்கள்.

6. அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது இயல்பு. நிறைய மஞ்சளானால் மெக்னீசியக் குறையாக இருக்கலாம். எப்சம் உப்பு ஒரு டீஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரில் விடுங்கள். புது இலையே மஞ்சளாகிச் சுருண்டு வந்தால் மாங்கனீசுக் குறை. அதற்கு மாங்கனீசு சல்பேட் வேண்டும்.

7. தண்டில் முளைக்கும் கன்றைப் பிரித்து, இலைகளை நறுக்கி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து மணலில் ஊன்றுங்கள். வேர்விட மாதக்கணக்காகும். பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

8. சேகோ என்ற பெயரை வைத்து ஜவ்வரிசிச் செடி என்று எண்ணிவிட வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்வது. சைகஸில் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆரஞ்சு நிற விதைகள் மிகவும் கொடியவை, நாயின் உயிரையே வாங்கிவிடும். குழந்தையோ நாயோ கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.